மாட்டைத் தொடும் முன்: மருந்தக உதவியாளரின் அன்றாட வேலைகள்

அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்கும் சந்துகளிலும் ஒரு கறவை மாடு நிற்கும், இரண்டு வெள்ளாடு மேயும். ஊரைத் தாண்டிவிட்டால் கட்டுத்தரை இல்லாத தோட்டத்தைப் பார்ப்பது அரிது. இந்த மாடுகளும் ஆடுகளும், அவற்றோடு தெரு நாயும் வீட்டு நாயும் வந்து சேரும் சின்ன மருந்தகம் ஒன்றில் நீங்கள் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் வாரத்தில் என்ன மருந்து, என்ன நோய் என்று தெரிந்துகொள்ளத்தான் மனம் ஓடும். அது மெதுவாக வரட்டும். இப்போதைக்கு வேலையின் வரிசையைப் பழகுங்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை மாடு வந்து நின்ற பிறகு பஞ்சைத் தேடி ஓடியதால் நடந்தவை.

ஒரு எல்லையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவருடைய மேற்பார்வையில், அவர் சொன்னபடி செய்யும் பணிகள்தான் இந்த அத்தியாயத்தில் இருக்கின்றன. "நீயே ஒரு ஊசி போட்டு விடு தம்பி, டாக்டர் வர நேரமாகும்" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

காலை முதல் கால் மணி நேரம்

1. ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மற்ற வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.
2. ஆட்டோகிளேவில் தண்ணீர் இருக்கிறதா, நேற்றைய பொதிகள் காய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.
3. ஒரு தட்டில் தெர்மாமீட்டர், பஞ்சு, ஸ்பிரிட், கையுறை, லிக்விட் பாரஃபின், கத்தரிக்கோல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.
4. ஊசி முனைகளைப் போடும் டப்பா முக்கால் பங்கு நிறைந்திருந்தால் மாற்றுங்கள்.
5. மாட்டை நிறுத்திப் பிடிக்கும் சட்டமான ட்ரெவிஸின் குறுக்குக் கம்பியை ஆட்டிப் பாருங்கள். ஆணி கழன்றிருப்பதை மாடு உள்ளே போன பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை.

மாட்டைப் பிடிப்பது

மாடு குதிரையைப் போல நேர் பின்னால் உதைப்பதில்லை. காலை முன்னால் கொண்டுவந்து பக்கவாட்டில் வீசி உதைக்கும். அதனால் பின்தொடைக்குப் பக்கத்தில் ஓரடி தள்ளி நிற்பதுதான் மிக மோசமான இடம். தோள்பட்டையை ஒட்டி, உடம்போடு உடம்பாக நில்லுங்கள். ஒட்டி நிற்பவர்மேல் உதை முழு வேகத்தில் விழாது.

- முடிச்சு எப்போதும் உருவு முடிச்சாக இருக்கட்டும். ஒரு நுனியை இழுத்தால் அவிழ வேண்டும். மாடு கீழே விழுந்து கழுத்து இறுகும்போது முடிச்சை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.
- கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். விரல் போனவர்கள் உண்டு.
- மூக்கணாங்கயிற்றை ட்ரெவிஸ் கம்பியில் கட்டிவிட்டுப் போகக் கூடாது. ஒரு ஆள் கையில் பிடித்திருக்க வேண்டும். மாடு தலையைத் திருப்பினால் மூக்குத்தண்டு கிழியும்.
- உதைக்கும் மாட்டுக்கு வாலை அடியோடு சேர்த்துப் பிடித்து மேலே தூக்கினால் பெரும்பாலும் அடங்கும். நடுவாலைப் பிடித்து மடக்கினால் எலும்பு முறியும்.

வீட்டுக்காரரையே தலைப்பக்கம் நிறுத்துங்கள். மாட்டுக்கு அவர் குரல் தெரியும். வேடிக்கை பார்க்க வந்த நாலு பேரை வெளியே அனுப்புவதும் உங்கள் வேலைதான்.

காய்ச்சல் பார்ப்பது

பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் குட்டி யானையில் ஏற்றி ஒரு ஜெர்சி கலப்பின மாடு வந்தது. கூட வந்த அம்மா இறங்கும்போதே "காது நெருப்பா கொதிக்குது தம்பி, நேத்திலிருந்து காச்சல்" என்றார். நான் அப்படியே தெர்மாமீட்டரை வைத்தேன். 103.6. சீட்டில் எழுதியும்விட்டேன். மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்தார், வெளியே வெயிலைப் பார்த்தார். வேப்ப மரத்தடியில் அரை மணி நேரம் கட்டித் தண்ணீர் காட்டச் சொன்னார். மறுபடி வைத்தபோது 101.8. சீட்டில் முதல் எண்ணை அடித்துவிட்டு எழுதியது இன்னும் நினைவிருக்கிறது.

1. வெயிலில் நடந்தோ வண்டியிலோ வந்த மாட்டை நிழலில் அரை மணி நேரம் நிறுத்துங்கள்.
2. பாதரசத் தெர்மாமீட்டர் என்றால் 96-க்குக் கீழே இறங்கும்வரை உதறுங்கள்.
3. தெர்மாமீட்டரின் பின்முனையில் ஒரு நூலையும் சின்ன கிளிப்பையும் கட்டி, கிளிப்பை வால் மயிரில் மாட்டுங்கள். மாடு சாணி போட்டால் தெர்மாமீட்டரும் சேர்ந்து விழும். சில நேரம் உள்ளேயே போய்விடும்.
4. நுனியில் லிக்விட் பாரஃபின் தடவி, மெல்லச் சுழற்றியபடி ஆசனவாயில் செலுத்துங்கள்.
5. உள்ளே போனதும் லேசாகச் சாய்த்து, நுனி குடல் சுவரைத் தொடும்படி வையுங்கள். சாணிக்குள் செருகி நின்றால் குறைவாகக் காட்டும்.
6. பாதரசத்துக்கு முழுதாக 2 நிமிடம், டிஜிட்டலுக்குப் பீப் ஒலி.
7. எண்ணைப் படித்த உடனே எழுதுங்கள். கழுவுவது அதற்குப் பிறகு, பச்சைத் தண்ணீரில் மட்டும். வெந்நீர் பட்டால் பாதரசக் குழாய் வெடிக்கும்.

நல்ல நிலையில் இருக்கும் பசுவுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். ஆட்டுக்கு ஏறக்குறைய 101.5 முதல் 103.5, நாய்க்கு 100 முதல் 102.5. கோழிக்கு 105-க்கு மேல் இருப்பதே இயல்பு. மனிதருக்கான 98.4-ஐ மனதில் வைத்துக்கொண்டு ஆட்டுக்கு 103 என்றதும் பதறும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது குறைந்த எண். கன்று ஈன்று மூன்று நாளுக்குள் மாடு படுத்துவிட்டது, காது சில்லென்றிருக்கிறது, தலையை விலாப்பக்கம் மடித்து வைத்திருக்கிறது, வெப்பநிலையும் 100-க்குக் கீழே. இதன் பெயர் பால் காய்ச்சல், ஆனால் காய்ச்சல் இருக்காது. ரத்தத்தில் கால்சியம் இறங்கிப் போனதன் விளைவு இது. வரிசையில் எத்தனை மாடு நின்றாலும் மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

கால்சியம் ஏற்றும்போது உங்கள் வேலை

கழுத்து நரம்பில் ஊசி ஏற்றுவதும் நெஞ்சொலி கேட்பதும் மருத்துவர். பாட்டில் உங்கள் கையில் இருக்கும். அந்தப் பாட்டிலால் மாட்டை எழுப்பவும் முடியும், கொல்லவும் முடியும். கால்சியம் வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும்.

1. மாட்டை நெஞ்சுமேல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் வைக்கோல் நிரப்பிய சாக்குகளை முட்டுக் கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு உப்பும், இரைப்பை நீர் மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கும்.
2. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மார்கழியில் இது கட்டாயம். சித்திரையில் வண்டியின் டேஷ்போர்டில் கிடந்த பாட்டில் எதிர்மாறாகச் சுடும், அதை ஆற வையுங்கள்.
3. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கலங்கலோ மிதக்கும் துகளோ இருந்தால் வேண்டாம்.
4. குழாயில் மருந்தை ஓடவிட்டு, காற்றுக் குமிழி முழுவதும் வெளியேறிய பிறகே மருத்துவர் கையில் கொடுங்கள்.
5. பாட்டிலை எந்த உயரத்தில் பிடிக்கச் சொன்னாரோ அங்கேயே பிடியுங்கள். கை வலித்தால் ஆளை மாற்றுங்கள், உயர்த்திவிடாதீர்கள். 450 மி.லி. பாட்டில் இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆகட்டும்.
6. "நிறுத்து" என்று மருத்துவர் சொன்ன கணத்தில் குழாயை மடித்துப் பிடியுங்கள். ஏன் என்று அப்புறம் கேட்கலாம்.

நல்ல அறிகுறிகள் கண்முன்னே வரும். காய்ந்திருந்த மூக்கில் வியர்வை முத்துக்கள் அரும்பும். தொடைச் சதை லேசாக நடுங்கும். ஏப்பம் விடும், சாணி போடும். இதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் உற்சாகத்தில் மாட்டைத் தட்டி எழுப்பப் பார்ப்பார். தடுத்துவிடுங்கள், தானாக எழட்டும். வழுக்கும் சிமென்ட் தரை என்றால் மண்ணோ சாக்கோ விரித்துவிடுங்கள். முதல் ஓரிரு நாள் மடியை ஒட்டக் கறக்க வேண்டாம் என்பதையும் வீட்டுக்குப் போகும் முன் சொல்லி அனுப்புங்கள்.

எச்சரிக்கை: படுத்துக் கிடக்கும் இந்த மாட்டுக்கு வாய்வழியாக எதையும் புகட்டவிடாதீர்கள். வெல்லத் தண்ணீர், கஷாயம், எண்ணெய் என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். கால்சியத்தில் பிழைத்த மாடு மூன்றாம் நாள் நிமோனியாவில் போகும்.

நிற்கும் மாட்டுக்கு மருந்து புகட்டும்போதும் தலையை முதுகு மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள். நாக்கை வெளியே இழுக்காதீர்கள். கடைவாயின் பல் இல்லாத இடைவெளியில் மூங்கில் குழாயையோ பாட்டிலையோ நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும்.

ஊசியும் நிறக் குழப்பமும்

ஊசி முனையின் அடிப்பாகத்துக்கு நிறம் உண்டு, கேன்யூலாவுக்கும் நிறம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல! சாதாரண ஊசி முனையில் இளஞ்சிவப்பு என்றால் 18 கேஜ். கேன்யூலாவில் இளஞ்சிவப்பு என்றால் 20. கேன்யூலாவில் 18 கேஜ் பச்சை; ஊசி முனையில் பச்சை 21. நிறத்தைச் சொல்லிக் கேட்பவரிடம் "ஊசியா, கேன்யூலாவா?" என்று திருப்பிக் கேளுங்கள். எண்ணைச் சொல்லிக் கேட்கும் பழக்கம் இன்னும் நல்லது.

மாட்டுக்குத் தசையில் போட 18 கேஜ் முனையை முதலில் தனியாகக் கழுத்தில் ஏற்றுவார்கள். கையால் இரண்டு தட்டுத் தட்டி, மூன்றாவது தட்டோடு முனை இறங்கும். பிறகுதான் சிரிஞ்சைப் பொருத்துவது. பிஸ்டனைச் சற்றுப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல் மருந்தைத் தள்ளக் கூடாது. பால்போல் வெள்ளையாக இருக்கும் புரோகெய்ன் பெனிசிலின் நரம்பில் ஏறினால் மாடு நின்ற இடத்திலேயே விழும்.

- ஒரே முனையைக் குப்பியில் குத்தி, மாட்டில் குத்தி, மறுபடி குப்பியில் குத்தாதீர்கள். குப்பிக்கு ஒரு முனை, மாட்டுக்கு வேறு முனை.
- முனைக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். கட்டை விரலில் குத்திக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.
- குப்பியைத் திறந்த தேதியை அதன்மேலேயே பேனாவால் எழுதுங்கள்.
- அலமாரியில் டைக்ளோஃபெனாக் கண்ணில் பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிணம் தின்னும் கழுகுகளை அழித்ததால் 2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து அது.
- எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பதைச் சீட்டில் பெரிதாக எழுதுங்கள். வாயால் சொன்னது வாசற்படி தாண்டாது.

ஆட்டோகிளேவ்: நேரம் எப்போது தொடங்குகிறது?

பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் போதும் என்ற பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. ரணஜன்னிக் கிருமியின் வித்து கொதிநீரில் சாகாது. 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம் வேண்டும்.

1. ரத்தம் பட்ட கருவிகளை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரில் போட்டால் ரத்தம் வெந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும்.
2. சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, கீல்களைத் திறந்து தேய்த்து, அலசித் துடையுங்கள்.
3. துணியில் சுற்றிப் பொதியாக்குங்கள். டிரம்மில் வைத்தால் அதன் பக்கவாட்டு ஓட்டைகளைத் திறந்து வையுங்கள்.
4. அடியில் தண்ணீர் எலிமென்ட்டை மூடும் அளவு இருக்கட்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீரை ஊற்றினால் சில மாதத்தில் எலிமென்ட்டில் உப்பு ஏடாகப் படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், எலிமென்ட் விலையைவிட அது மலிவு.
5. மூடியை எதிரெதிர் திருகாக இறுக்கி, வால்வைத் திறந்தபடி சூடாக்குங்கள். உள்ளிருக்கும் காற்று வெளியேறி ஆவி சீராகச் சீறிய பிறகே வால்வை மூடுங்கள்.
6. முள் 15 பவுண்டைத் தொட்ட பிறகுதான் நேரக் கணக்கு. சுற்றாத கருவிக்கு 20 நிமிடம், துணிப் பொதிக்கு 30.
7. முள் சுழிக்கு வந்த பிறகே திறவுங்கள். முகத்தை விலக்கி, மூடியின் பின் ஓரத்தை முதலில் தூக்குங்கள்.
8. டிரம் ஓட்டைகளை அங்கேயே மூடுங்கள்.

ஐந்தாவதையும் எட்டாவதையும்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காற்று உள்ளே சிக்கினால் முள் 15-ஐக் காட்டும், ஆனால் சூடு 121-க்கு வந்திருக்காது. பொதியின்மேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தது என்றால் சூடு பட்டது என்றுதான் பொருள், கிருமி செத்தது என்று அல்ல. ஈரமான பொதி எவ்வளவு நேரம் உள்ளே இருந்திருந்தாலும் கணக்கில் சேராது.

ஃப்ரிட்ஜ்

தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெப்பத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், உறைவதற்கு யாரும் பயப்படுவதில்லை. கோமாரித் தடுப்பூசியில் எண்ணெய்க் கலவை இருக்கும். உறைந்து உருகினால் அது பிரிந்துபோகும், மறுபடி சேராது. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு முகாமுக்குக் கிளம்பும்போது, ஃப்ரீசரிலிருந்து கல்லாக எடுத்த ஐஸ் பேக்கை நானே குப்பிகளோடு ஒட்டி வைத்து மூடினேன். ஊர் போய்த் திறந்தால் ஓரத்துக் குப்பிகளில் படிகம். நாற்பது மாடுகள் வரிசையில் நிற்க, தடுப்பூசி இல்லையென்று திருப்பி அனுப்பினோம்.

- ஐஸ் பேக்கை எடுத்து வெளியே வையுங்கள். மேலே வியர்த்து, காதோரம் ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கும்போதுதான் குப்பிகளோடு வைக்கலாம்.
- கதவுத் தட்டில் தடுப்பூசி வேண்டாம். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் ஒட்டியும் வேண்டாம்.
- கீழ்த்தட்டில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் அவைதான் குளிரைப் பிடித்து வைக்கும். அன்றைக்குக் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள்.
- சாப்பாட்டு டப்பாவும் பால் பாக்கெட்டும் இங்கே கூடாது.
- ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியைக் கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மேச்சேரி ஆட்டு மந்தை மேய்ச்சலிலிருந்து திரும்பும் முன்பே கரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

சினை ஊசிக் கேன்

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. கேனின் மூடியைத் துணி சுற்றி இறுக்காதீர்கள், ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் வெடிக்கும். கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுபோகாதீர்கள், அந்த ஆவி மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். வாரம் ஒருமுறை மர அளவுகோலை விட்டு எடுத்து, உறைபனி படிந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேனின் வெளிப்புறக் கழுத்தில் பனியோ வியர்வையோ தெரிந்தால் உள் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே உறைவிந்துக் குச்சிகளை வேறு கேனுக்கு மாற்றுங்கள்.

உறைவிந்துக் குச்சியை எடுக்கும்போது கூடையைக் கேனின் கழுத்துக்கு மேல் தூக்கக் கூடாது. எடுத்ததை 37 டிகிரித் தண்ணீரில் 30 விநாடி வைத்து, துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுத் தாருங்கள். ஒரு துளித் தண்ணீர் உள்ளே போனாலும் விந்தணு கெடும். சட்டைப் பைக்குள் போட்டு உருக்கும் வித்தைக்காரர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் உடம்பு

வெறிநோய்க்கு முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் நாய் மேசைப் பக்கம் போகாதீர்கள். போட்டிருந்தாலும் கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயில் எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டின் வாயில் "ஏதோ மாட்டியிருக்கு" என்று வெறுங்கையை விடுவதும் அதே ஆபத்துதான். மாட்டுக்கும் வெறிநோய் வரும்.

கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் போடப்படுகிறது. அதில் உயிருள்ள கிருமி இருக்கிறது, மனிதருக்கும் தொற்றும். கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள், வீட்டில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்களையும் தள்ளியிருக்கச் சொல்லுங்கள்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளைப் பாலிதீன் பையில் கொண்டுவருவார்கள். அதை உங்கள் மேசையில் அறுக்க வேண்டாம். பையை இன்னொரு பையில் போட்டுக் கட்டி, ஐஸோடு, உறையவிடாமல், மருத்துவர் எழுதிய சீட்டுடன் அனுப்பிவிடுங்கள். 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கடை சாத்தும் முன்

1. ஊசி முனைகளும் பிளேடும் வெள்ளை டப்பாவில். உடைந்த குப்பிகள் நீலத்தில். சிரிஞ்ச், கையுறை, ட்ரிப் குழாய் சிவப்புப் பையில். ரத்தம் பட்ட பஞ்சும் சதையும் மஞ்சளில். 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருந்தகத்துக்கும் பொருந்தும்.
2. மேசையையும் ட்ரெவிஸையும் சாணி போகக் கழுவிய பிறகே கிருமிநாசினி ஊற்றுங்கள். சாணிமேல் ஊற்றினால் அது வேலை செய்யாது.
3. கயிறுகளை அலசி வெயில் படும் கொடியில் போடுங்கள்.
4. ஃப்ரிட்ஜ் எண்ணை மறுபடி எழுதுங்கள். காலையில் 4, இப்போது 9 என்றால், கதவு சரியாகச் சாத்தவில்லையா, ப்ளக் கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். விளக்கை அணைக்கும்போது ஃப்ரிட்ஜ் சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போன கை ஒன்று எல்லா மருந்தகத்திலும் இருந்திருக்கிறது. அந்த சுவிட்சின்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.